பார் காரைப் பாதையில் ஒட்டவைக்காது



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருக்கும் வாப்பாமாரும், வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் காரின் சாவியை வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகளும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

போன கிழமை அஸர் தொழுதுவிட்டு வரும்போது ஒரு சகோதரர் பள்ளிவாசலில் என்னை நிறுத்திக் கேட்டார். "சேர், மகன் காருக்கு என்னமோ பார் பூட்டணுமாம். முன்னுக்கு ஒன்டு, பின்னுக்கு ஒன்டு, அடியில ஒன்டு. பாதுகாப்புக்கு என்டு சொல்றான். பாதுகாப்பு என்டு சொன்னா வேணாம் என்டு எப்பிடிச் சொல்ற? குடுக்கவா?"

குடுக்க வேணாம் என்றேன். அவர் போய்விட்டார். ஆனால் "பாதுகாப்பு" என்ற அந்தச் சொல் போகவில்லை. ஏனென்றால் நம்ம ஊர்ப் பையன்களின் வாகனக் குழுக்களிலும் இப்போது அதே பேச்சுத்தான். ஒருவர் பொனட்டைத் திறந்து, சிவப்புப் பெயின்ற் அடித்த குழாயைப் படம் பிடித்துப் போடுகிறார். கீழே இருபது பேர் "மாஷா அல்லாஹ், வேற லெவல்" என்று எழுதுகிறார்கள். இன்னொருவர், "இது பூட்டினப் பொறகு 18 வளைவில கார் பாதையோட ஒட்டிக்கிட்டுப் போகுது மச்சான்" என்கிறார். விற்கிறவர் வந்து "பிள்ளைகளோட பயணம் போறவங்க கட்டாயம் பூட்டணும்" என்று முடித்து வைக்கிறார்.

சமூகத்தில் எவ்வளவோ பிரச்சினை இருக்கும்போது ஆசிரியர் ஏன் இரும்புக் குழாயைப் பற்றி எழுதுகிறார் என்று சிலர் கேட்பீர்கள். பொழுதுபோக்குக்கு ஒருவர் தன் காசில் குழாய் வாங்கினால் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. தேய்ந்த டயரை மாற்ற வைத்திருந்த காசு, பாதுகாப்பு என்ற பெயரில் குழாய்க்குப் போகிறது. அதற்குப் பிறகு அதே தேய்ந்த டயரில் முன்னைவிட வேகமாக வளைவு எடுக்கிறார்கள். என் சண்டை இதோடுதான்.

முதலில் இந்தப் பார் என்னவென்று தெரியாதவர்களுக்கு. பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு இடமும் வலமும் இரண்டு மேடு தெரியும். முன் சில்லுகளின் ஷொக் எப்சோபரும் ஸ்ப்ரிங்கும் கீழேயிருந்து வந்து அந்த மேடுகளில்தான் பொருந்துகின்றன. அந்த இரண்டு மேட்டையும் குறுக்கே இணைக்கும் குழாய்தான் ஸ்ட்ரட் பார். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் பூட்டுவதும், காரின் அடியில் பூட்டுவதும் இதன் சகோதரங்கள்.

விற்கிறவர் சொல்லும் வாதம் மூன்று படி. வளைவில் காரின் கூடு முறுகுகிறது. பார் அந்த முறுக்கைக் குறைக்கிறது. ஆகவே கார் பாதையைப் பிடித்துக்கொண்டு போகும். முதற்படி உண்மை. இரண்டாம் படி, சில கார்களில், சில பார்களில், கொஞ்சம் உண்மை. மூன்றாம் படி, நீங்களும் நானும் ஓட்டும் சின்னக் காரில், கண்டியின் பாதையில், பொய்.

கூடு முறுகுவது நான் இல்லை என்று சொல்லும் விஷயமல்ல. எந்த இரும்பும் விசை பட்டால் அசையும். கேள்வி எவ்வளவு என்பதுதான். அல்டோ, வேகன் ஆர், விட்ஸ், பெரோடுவா விவா, பழைய நிசான் மார்ச் எல்லாவற்றுக்கும் முன்பக்கம் ஒரே வகை சஸ்பென்ஷன்தான், மெக்பேர்சன் ஸ்ட்ரட். எர்ல் மெக்பேர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் வடிவமைத்தது. 1950களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் ஃபோர்ட் கொன்சல் காரில் வந்துவிட்டது. இந்த அமைப்பில் வளைவின் பக்கவாட்டு விசையில் பெரும்பங்கைத் தாங்குவது மேலே இருக்கும் மேடு இல்லை. கீழே இருக்கும் லோவர் ஆமும் அதன் ரப்பர் புஷ்ஷும்தான் தாங்குகின்றன. மேட்டுக்கு வருவது சிறுபங்கு.

அந்தச் சிறுபங்கும் சும்மா நிற்கும் மேட்டுக்கு வருவதில்லை. சின்னக் கார்களில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டிருக்கிறது, மூக்கு கட்டை. அதனால் இரண்டு மேடும் எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் இடையிலுள்ள இரும்புச் சுவருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கண்ணாடிக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓடும் பெட்டி போன்ற தகட்டோடு வெல்ட் பண்ணப்பட்டிருக்கின்றன. அதாவது, நீங்கள் காசு கொடுத்துப் பூட்டப்போகும் குறுக்குக் கட்டு ஏற்கெனவே காரில் இருக்கிறது. உங்கள் குழாயைவிடப் பல மடங்கு அகலமான கட்டு. கார் செய்தவனே போட்டு அனுப்பியது.

நீண்ட மூக்கு உள்ள கார்களில் மேடுகள் சுவரிலிருந்து தள்ளி முன்னால் நிற்கும். கூரை வெட்டிய கார்களுக்குக் கூட்டின் பலத்தில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும். அங்கெல்லாம் பாருக்கு வேலை இருக்கிறது. "ஜப்பான்காரன் முட்டாளா சேர், அவனே பூட்டி அனுப்புறானே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். 1995இல் வந்த ஹொண்டா இன்டெக்ரா டைப் ஆர் காரில் கம்பனியே முன் பார் பூட்டித்தான் அனுப்பியது. சரி. அதே கம்பனி அந்தக் காருக்குக் கடினமான ஸ்ப்ரிங், கடினமான ஷொக், பிடிமானம் கூடிய டயர், பந்தயத்துக்கு உகந்த எஞ்சின் எல்லாம் கொடுத்தது. அவ்வளவையும் போட்ட பிறகு மிஞ்சிய சிறு அசைவை அடக்க, கடைசியாகப் பார். நம்ம பையன் கடைசியில் இருப்பதை முதலில் வாங்குகிறான்.

ஸ்ப்ரிங் கடினமாக இருந்தால்தான் கூட்டின் முறுக்கு பெரிதாகத் தெரியும். ஏன் என்று ஒரு மெத்தையை வைத்துச் சொல்கிறேன். பஞ்சு மெத்தையை மரக் கட்டிலில் போட்டுப் படுக்கிறீர்கள், உடம்பு அமிழ்கிறது. கட்டிலை இரும்புக் கட்டிலாக மாற்றினால் அமிழ்வது குறையுமா? குறையாது. அமிழ்ந்தது கட்டில் இல்லை, மெத்தை. அல்டோவின் சஸ்பென்ஷன் பஞ்சு மெத்தை. குன்றும் குழியுமான பாதையில் குடும்பம் நோகாமல் போவதற்காக மென்மையாகச் செய்தது. வளைவில் கார் சாய்வதாக உங்களுக்குத் தெரிவதெல்லாம் அந்த மெத்தை அமிழ்வதுதான்.

கணக்காகவும் பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை, விகிதம்தான் முக்கியம். சஸ்பென்ஷன் சாய்வை எதிர்ப்பது ஒரு பாகைக்கு 500 நியூற்றன் மீற்றர் என்றும், கூடு முறுக்கை எதிர்ப்பது 8,000 என்றும் வைப்போம். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த ஸ்ப்ரிங் போன்றவை. சேர்ந்த எதிர்ப்பு சுமார் 471. இப்போது கூட்டை இரட்டிப்புப் பலமாக்கி 16,000 ஆக்குகிறோம். சேர்ந்த எதிர்ப்பு 485. வித்தியாசம் 3 வீதம். கூட்டையே இரட்டிப்பாக்கினால்தான் இந்த 3 வீதமும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு போல்ட்டில் தொங்கும் ஒரு குழாய் கூட்டை இரட்டிப்பாக்காது. முறுக்கை எதிர்க்க முக்கோணமாகக் கட்ட வேண்டும். குறுக்கே போகும் ஒற்றைக் குழாய் இரண்டு மேடும் ஒன்றையொன்று நெருங்குவதையும் விலகுவதையும் மட்டும்தான் தடுக்கும்.

சரி, அதையாவது பார்ப்போம். பார் இல்லாத காரில் மேடு 1 மில்லிமீற்றர் அசைகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மேட்டிலிருந்து கீழ் மூட்டு வரை 600 மில்லிமீற்றர். சில்லு சாயும் கோணம் பாகையில் பத்தில் ஒன்று. பார் அதை முழுதாக நிறுத்தியது என்றே ஒப்புக்கொள்கிறேன். பத்தில் ஒரு பாகை. அதே வளைவில் கார் மூன்று நாலு பாகை சாய்கிறது. தேய்ந்த லோவர் ஆம் புஷ் சில்லையே மில்லிமீற்றர் கணக்கில் முன்னும் பின்னும் அசைய விடுகிறது, அதனால் சில்லு பார்க்கும் திசையே மாறுகிறது. பத்தில் ஒரு பாகைக்குக் காசு கொடுத்துவிட்டு, புஷ்ஷை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்.

இந்தப் புஷ் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது நம்ம நாட்டுக் கதை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்த விலையைப் பார்த்து நடுத்தரக் குடும்பம் வாயைப் பிளந்ததுதான் மிச்சம். அதனால் நம்ம பாதைகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை பத்து வருடத்தைத் தாண்டியவை. புஷ் வெடித்தவை, ஷொக்கில் எண்ணெய் கசிபவை, பால் ஜொயின்ட் ஆடுபவை. இப்படிப்பட்ட காரைத்தான் "ஹேண்ட்லிங் சரியில்ல" என்று பையன் கொண்டுபோகிறான். அவன் உணர்ந்தது உண்மை, ஹேண்ட்லிங் சரியில்லைதான். அதற்கு மருந்து பஞ்சிகாவத்தையில் சின்னப் பெட்டியில் கிடைக்கும் ரப்பர் புஷ். அது கறுப்பாக இருக்கும், படம் பிடித்துப் போட்டால் யாரும் மாஷா அல்லாஹ் சொல்லமாட்டார்கள். அங்கேதான் சிவப்புக் குழாய் ஜெயிக்கிறது.

இனி டயர். இதுதான் எனக்கு முக்கியம்.

தரம் 10இல் உராய்வு படிப்பித்தபோது பின் வாங்கிலிருந்து "இது எதுக்கு சேர்" என்று கேட்ட பிள்ளைகள் இன்றைக்கு லைசன்ஸ் எடுத்துக் கார் ஓட்டுகிறார்கள். இதுக்குத்தான் மகன்மாரே. சமதரையில் ஒரு வளைவைக் கார் எவ்வளவு வேகத்தில் வழுக்காமல் எடுக்கலாம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. உராய்வுக் குணகம், புவியீர்ப்பு ஆர்முடுகல், வளைவின் ஆரை மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வளைவின் ஆரை 20 மீற்றர் என்று வைப்போம். காய்ந்த பாதை, நல்ல டயர், குணகம் 0.7. வேகம் மணிக்கு 42 கிலோமீற்றர். இப்போது மழை, டயர் மொட்டை, குணகம் பாதியாகி 0.35. வேகம் 30 கிலோமீற்றர். அதே வளைவு, அதே கார், அதே ஆள். 42இல் போய்ப் பழகியவன் மழை நாளில் 35இல் "மெதுவா"த்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போகிறான்.

அந்தக் கணக்கில் பார் எங்கே இருக்கிறது? காட்டுங்கள். இது எளிமையாக்கிய கணக்கு என்று பொறியியல் படித்த தம்பிமார் சொல்வார்கள். உண்மைதான், பாரம் ஒரு பக்கத்துக்கு மாறுவது, சில்லின் சாய்வு எல்லாம் சேர்த்தால் எண் கொஞ்சம் மாறும். பார் தொடுவது அந்தக் "கொஞ்ச"த்தின் ஒரு மூலையை. டயர் தொடுவது 42க்கும் 30க்கும் இடையிலுள்ள முழுத் தூரத்தையும். அல்டோவின் ஒவ்வொரு டயரும் பாதையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். காரில் ஏறிய அத்தனை பேரின் உயிரும் நாலு உள்ளங்கையில் நிற்கிறது.

கண்டியில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. கடுகண்ணாவைக் கணவாயில் காலையில் பனி, பின்னேரம் மழை. கம்பளை தாண்டி றம்பொடைக்கு ஏறினால் எந்த நேரமும் ஈரப் பாதை. மஹியங்கனைப் பாதையில் உடுதும்பறை தாண்டி ஹசலக்கைப் பக்கம் இறங்கும் 18 வளைவு (பாதையைத் திருத்தியபோது 17 ஆகிவிட்டது, பெயர் மட்டும் 18ஆகவே நிற்கிறது) இறக்கமும் வளைவும் சேர்ந்தது. இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு வளைத்தால் அந்த நாலு உள்ளங்கைக்கும் இரட்டை வேலை. பிரேக்குக்குக் கொடுத்த உராய்வு திரும்புவதற்குக் கிடைக்காது. ஒக்டோபர், நவம்பர் மழை தொடங்கினால் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் இந்த மாவட்டத்தில் காய்ந்த பாதையே இல்லை. இங்கே கூட்டின் முறுக்கைப் பற்றிப் பேசுகிறோம்.

உங்கள் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் குத்தியிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. இதை வாசிக்கத் தெரிந்த பையன்கள் எத்தனை பேர்? பாரின் விலை எல்லாருக்கும் தெரியும். டயரின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் இருக்கும், 1.6 மில்லிமீற்றர் உயரம். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. மழைக்கு அதற்கு முன்னமே முடிந்துவிடும், ஏனென்றால் தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளம் இல்லை. பள்ளம் இருந்தும் பத்து வருடப் பழசான ரப்பர் இறுகி, வெடித்து, ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். காற்று எவ்வளவு என்று சாரதிக் கதவைத் திறந்தால் அந்தப் பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கும். கொஞ்ச நாளைக்கு முன் நாலு பையன்களின் காரில் நான் காற்றுப் பார்த்தேன். இரண்டு காரில் இடதுக்கும் வலதுக்கும் 8 வித்தியாசம். அதில் ஒரு காருக்கு முன் பார் இருந்தது! காற்று அடிக்க ஐந்து நிமிடமும் சில்லறைக் காசும் போதும்.

"பூட்டின பொறகு வித்தியாசம் தெரியுது சேர், நீங்க ஓட்டிப் பாக்காம பேசுறீங்க." இது எனக்கு அடிக்கடி வரும் பதில். வித்தியாசம் தெரிவதை நான் மறுக்கவில்லை. காசு கொடுத்தவனுக்கு வித்தியாசம் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பார் பூட்ட கராஜுக்குப் போனபோது பாஸ் தளர்ந்த நட்டை இறுக்கியிருப்பார், காற்று அடித்திருப்பார், அலைன்மென்ட்டும் பார்த்திருப்பார். கார் நேராகப் போனது அதனால். புகழ் பாருக்கு. இதெல்லாம் கழித்தும் மிஞ்சும் உண்மையான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. கூட்டின் மெல்லிய அதிர்வு மாறும், ஸ்டியரிங்கில் கைக்கு வரும் உணர்வு கொஞ்சம் இறுக்கமாகும். ஜப்பானின் யமஹா கம்பனி கூட்டின் இந்த அதிர்வை உறிஞ்சுவதற்கென்றே சின்ன ஷொக் போன்ற கருவி செய்து விற்கிறது. அது நேர்மையான பொறியியல். ஆனால் கைக்கு இறுக்கமாகத் தெரிவது வேறு, டயர் பாதையைப் பிடிப்பது வேறு. மொட்டை டயரில் கைக்கு மட்டும் இறுக்கமான உணர்வைக் கொடுப்பது அபாயத்தைக் கூட்டும். வழுக்கப்போகும் கார் வழுக்கப்போவதாகத் தெரியாது.

அடுத்த பதில்: "பார் பூட்டினா நன்மை இல்லாட்டியும் கெடுதி இல்லையே." இருக்கிறது. மேட்டின் மேலே இருக்கும் நட்டுகள்தான் ஷொக்கின் தலையைக் காரோடு பிடித்து வைத்திருக்கின்றன. பார் பூட்டுவதென்றால் அந்த நட்டுகளைக் கழற்றி, தடித்த தகடு ஒன்றைச் செருகி, மீண்டும் பூட்ட வேண்டும். தகட்டின் தடிப்பால் போல்ட்டில் நட்டுக்குக் கிடைக்கும் மரை குறைகிறது. அளவு பார்க்கும் ஸ்பேனர் இல்லாமல் கைப்பலத்தில் இறுக்கினால் போல்ட்டின் கழுத்து இழுபட்டு நிற்கும். பிறகு ஒரு நாள் பெரிய குழியில் விழும்போது முறியும். பத்தில் ஒரு பாகைக்காகச் சில்லைத் தாங்கும் நட்டில் கை வைக்கிறோம். சந்தையில் வரும் மலிவுப் பார்கள் பலவும் எஞ்சினுக்கு மேலால் போவதற்காக வளைத்தவை. வளைந்த குழாய் இழுத்தால் நிமிரும், அமுக்கினால் இன்னும் வளையும். குழாயே ஸ்ப்ரிங்.

இன்னொரு குழப்பமும் ஓடுகிறது. ஸ்ட்ரட் பாரையும் ஸ்டெபிலைசர் பாரையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். ஸ்டெபிலைசர் காரின் அடியில் இடது சில்லையும் வலது சில்லையும் இணைப்பது. வளைவில் அது முறுகி, கார் சாய்வதைக் குறைக்கும். அது நிச்சயமாக ஹேண்ட்லிங்கை மாற்றும். மாற்றும் என்பதால்தான் பயப்பட வேண்டும். முன் சில்லால் இழுக்கும் சின்னக் காரைக் கம்பனி வேண்டுமென்றே முதலில் முன்பக்கம் வழுக்குமாறு அமைத்திருக்கிறது. சாதாரண ஆள் காலை எடுத்தால் கார் தானாக வழிக்கு வரும். பின்னுக்குத் தடித்த ஸ்டெபிலைசர் பூட்டினால் மழையில், இறக்கத்தில், முதலில் பின்பக்கம் போகும். அதைப் பிடித்து நிமிர்த்தும் கை பந்தயக்காரனின் கை. நம்ம பையனுக்கு அந்தக் கை இல்லை.

பந்தயம் என்றதும் நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றம், தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் என்று பேச்சு எடுப்பார்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ் ஹில்லில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பந்தயத்துக்கென்றே தயார்செய்த கார் ஒன்று தடத்தை விட்டுப் பாய்ந்து பார்வையாளர்கள் மேல் ஏறியது. 7 பேர் மரணித்தார்கள், அதில் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது. பழகிய ஓட்டுநர், பந்தயக் கார், மூடிய தடம். அங்கேயே ஒரு நொடியில் அப்படி. திறந்த பாதையில், எதிரே பஸ் வரும்போது, பொது இடத்தில் பந்தயக் கார் உணர்வு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் வேறென்ன சொல்ல?

ஜப்பானின் குஸ்கோ, மலேசியாவின் அல்ட்ரா ரேசிங் போன்றவர்கள் பல வருடமாகப் பார் செய்கிறவர்கள். பந்தயம் ஓட்டுபவன் அறிந்து வாங்குவான். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சண்டை, இங்கே வைத்து அதற்குப் "பாதுகாப்பு" என்ற பெயர் ஒட்டி விற்பவர்களோடுதான். அக்குறணையும் மடவளையும் கல்ஹின்னையும் வியாபாரத்தில் பெயர் எடுத்த ஊர்கள். சரக்கின் குறையை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும் என்று மத்ரஸாவில் எல்லாரும் படித்தோம். சரக்கில் இல்லாத குணத்தைச் சொல்லி விற்பதும் அதே வரிசைதான். "அழகுக்குப் பூட்டுங்க, ஆசைக்குப் பூட்டுங்க" என்று சொல்லி விற்றால் நான் வாய் திறக்கமாட்டேன். வாங்கும் பிள்ளைக்கு அது இஸ்ராஃபா இல்லையா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். "குடும்பத்தோட போறவங்க கட்டாயம் பூட்டணும்" என்று சொன்னால், அந்தக் குடும்பத்தின் டயரைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மொட்டையாக இருந்தால், "முதல்ல இத மாத்திட்டு வாங்க தம்பி" என்று திருப்பி அனுப்புங்கள். அப்படி ஒரு கடை இருந்தால் இந்தப் பக்கத்தில் நானே பெயர் போட்டு எழுதுகிறேன்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் பொலிஸ், அனுமதியில்லாத மேலதிக உபகரணங்களைக் கழற்றச் சொல்லி பஸ், முச்சக்கர வண்டி எல்லாவற்றையும் நிறுத்தியபோது, "பார் பொனட்டுக்குள்ள, யாரும் பாக்கமாட்டாங்க" என்று ஒருவர் சிரித்தார். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் பொனட்டைத் திறந்துதான் பார்ப்பார்.

வாப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். பையன் காசு கேட்டால் திட்டி அனுப்ப வேண்டாம். அவன் காரை நேசிக்கிறான், அது நல்ல விஷயம். அவனோடு கராஜுக்குப் போங்கள். காரைத் தூக்கச் சொல்லி, சில்லை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ், பால் ஜொயின்ட், டை ரொட் எண்ட், ஷொக், பிறகு நாலு டயர், பிறகு அலைன்மென்ட். மூன்று பாருக்குப் போகிற காசில் இதில் பாதியாவது முடியும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாம் கயிறு வாங்காமல் ஒட்டகத்தின் கழுத்துக்கு மணி வாங்கிக்கொண்டிருக்கிறோம். அதே காரில்தான் திங்கட்கிழமை உம்மா கண்டி ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகிறார்.

இவ்வளவு சொல்லியும் நம்பாத தம்பிமாருக்கு ஒரு சவால். கோபம் வேண்டாம், விளையாட்டாகவே வைத்துக்கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அனுமதி எடுத்து ஒரு வெறும் மைதானத்தில் கூம்புகள் வைத்துப் பாதை போடுவோம். வேகம் 30ஐத் தாண்டக் கூடாது. ஒரே கார், ஒரே டயர், ஒரே காற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் பாஸ் பாரைப் பூட்டுவார் அல்லது கழற்றுவார், நாணயம் சுண்டி முடிவெடுப்பார், பொனட்டை மூடிவிடுவார். ஓட்டுபவர் தூரத்தில் திரும்பி நிற்க வேண்டும். பத்துச் சுற்று ஓட்டி, ஒவ்வொன்றிலும் பார் இருந்ததா இல்லையா என்று எழுதித் தர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் ஐந்து சரியாக வரும். ஒன்பதோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் சரியாக வருவது நூற்றில் ஒரு முறை. ஆகவே ஒன்பது எடுத்தவர் உண்மையாகவே உணர்ந்தவர் என்று ஒப்புக்கொண்டு அவர் பெயரோடு இங்கே பதிவு போடுவேன், அன்றைய பகல் சாப்பாடும் என் செலவு. இருபது மாஷா அல்லாஹ் போட்டவர்களில் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். வரும் எல்லாக் காரின் டயருக்கும் நான் முதலில் காற்றுப் பார்ப்பேன். கேஜ் என்னிடம் இருக்கிறது.